புது டர்போ போட்ட பழைய கார்: நல்ல சேதியா, கெட்ட சேதியா?

கேள்வி: ஐயா, 2001ஆம் ஆண்டு தயாரான சாப் 9-5 ஏரோ கார் ஒன்று விலைக்கு வருகிறது. 2.3 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், மேனுவல் கியர், 1,90,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. விற்பவர் இரண்டாவது உரிமையாளர். ஆறு மாதத்துக்கு முன்புதான் புது டர்போ போட்டதாகச் சொல்லி பில்லையும் காட்டினார். "இந்த வண்டியில் பெரிய செலவு வைக்கும் பாகம் அது ஒன்றுதான், அதுவும் இப்போது புதுசு" என்கிறார். என் மச்சானோ, "பழைய டர்போ வண்டி வாங்குவது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை" என்று பயமுறுத்துகிறார். அலுவலகம் 6 கிலோமீட்டர் தொலைவில். மாதம் ஒன்றிரண்டு முறை நெடும்பயணம் உண்டு. வாங்கலாமா? வாங்கினால் டர்போ டைமர் பொருத்த வேண்டுமா?

பதில்: உங்கள் கடிதத்தில் நான் திரும்பவும் போய்ப் படித்த வரி புது டர்போவைப் பற்றியதுதான். அதை வண்டியின் பலமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ உடனே எழுந்த கேள்வி: பழைய டர்போ ஏன் போனது?

டர்போ தானாகச் சாவதில்லை, யாரோ கொல்கிறார்கள் என்று ஒர்க்‌ஷாப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. மிகைதான், ஆனால் பெரிய மிகை இல்லை. டர்போவுக்குள் இருப்பது ஒரு தண்டு, அதன் இரு முனையிலும் ஒவ்வொரு சக்கரம். இன்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். மறுமுனைச் சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும். முழு வேகத்தில் அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் ஓடும். புகை வரும் பக்கத்தில் வெப்பம் 900 டிகிரியைத் தொடும். இவ்வளவையும் தாங்குவது ஆயில் படலம். உங்கள் வண்டியில் இருக்கும் வகை டர்போவில் தண்டு பேரிங்கைத் தொடாமல் ஆயிலில் மிதக்கிறது. அந்த ஆயில் ஒரு மெல்லிய குழாய் வழியாக இன்ஜினிலிருந்து வருகிறது. அதில் ஓட்டம் குறைந்தால் முதலில் அடிபடுவது டர்போதான். இன்ஜின் பேரிங்குகளின் முறை அதற்கு அடுத்தது.

என்னிடம் ஒருமுறை ஒரு சலூன் கார் வந்தது. எந்தக் கம்பெனி வண்டி என்பது இங்கே தேவையில்லை. இரண்டே வருடத்தில் இரண்டு டர்போ மாற்றியாகிவிட்டது, மூன்றாவதும் சத்தம் போட ஆரம்பித்துவிட்டது. வாங்கிய டர்போவெல்லாம் போலி என்று சண்டை போடும் மனநிலையில் உரிமையாளர் இருந்தார். வண்டியைத் தூக்கி, ஆயிலை இறக்கி, அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பைக் கழற்றினோம். பம்ப் ஆயிலை உறிஞ்சும் வாயில் ஒரு சின்ன வலை இருக்கும், ஸ்ட்ரெய்னர் என்போம். அந்த வலையின் கண்களில் பாதிக்கு மேல் தெரியவில்லை. நகத்தால் சுரண்டினேன், கரித்துண்டைப் பொடித்த மாதிரி கறுப்புத் துணுக்குகள் உதிர்ந்தன, அடியில் தார் போல ஒரு பசை. மூன்று டர்போவும் நல்ல டர்போதான். வலையை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இதை உங்களிடம் சொல்லக் காரணம் உண்டு. சாப் 9-5 வண்டிகளில், அதிலும் 2004க்கு முந்தைய நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின்களில், ஆயில் இப்படிக் கசடாகத் திரள்வது ஊரறிந்த விஷயம். இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் ஏற்பாடு ஆரம்ப ஆண்டுகளில் போதுமானதாக இல்லை. கம்பெனி அதைப் பலமுறை திருத்தி, 2004 வாக்கில்தான் ஓரளவு சரிக்கட்டியது. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வேறு சம்ப்பை ஒட்டியே கிடந்து ஆயிலைச் சூடாக்கும். அதற்கு மேல், மலிவு ஆயிலை ஊற்றி, மாற்றாமல் இழுத்தடித்த உரிமையாளர்கள். எல்லாம் சேர்ந்து நல்லதொரு இன்ஜினுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தன. சாப் மட்டும் இல்லை. ஃபோக்ஸ்வாகன் பஸாட்டிலும் அவுடி ஏ4 காரிலும் வந்த 1.8 லிட்டர் டர்போ இன்ஜினும் அதே காலத்தில் இதே நோயில் படுத்தது.

அதனால் பில்லைத் திரும்ப வாங்கிப் பாருங்கள். டர்போ ஒன்று, கூலி இவ்வளவு என்று இரண்டே வரி இருந்தால் யோசியுங்கள். காரணம் தெரிந்து வேலை செய்தவர் பில்லில் இன்னும் நாலு வரி இருக்கும்: டர்போவுக்கு ஆயில் போகும் குழாய் புதிது, கேஸ்கெட்டுகள், புது ஆயிலும் ஃபில்டரும், சம்ப் கழற்றிச் சுத்தம் செய்த கூலி. பழைய டர்போவின் சக்கரம் உடைந்திருந்தால் துணுக்குகள், அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் போய்த் தங்கியிருக்கும். அதைக் கழுவினார்களா என்றும் கேளுங்கள். கேட்கும்போது விற்பவர் முகத்தைப் பாருங்கள். ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் அவருக்கே தெரிந்திருக்காது. புகை வந்தது, மெக்கானிக் டர்போ என்றார், மாற்றிவிட்டார்.

புகை வந்தால் டர்போ போய்விட்டது என்று முடிவு கட்டுவதே பாதி நேரம் தப்பு. டர்போவிலிருந்து ஆயில் சம்ப்புக்குத் திரும்புவது தன் எடையால் வழிந்துதான், பம்ப் எதுவும் அதை இழுப்பதில்லை. இன்ஜின் ஆவியை வெளியேற்றும் ஏற்பாடு என்று மேலே சொன்னேனே, அந்த ஆவிக்குழாய் அடைத்துக்கொண்டால் இன்ஜினுக்குள் அழுத்தம் ஏறும், ஆயில் கீழே இறங்க வழியில்லாமல் டர்போ தண்டின் ஓரமாகக் கசியும், சைலன்ஸரில் நீலப்புகை. டர்போவின் சீல் ரப்பர் இல்லை, பிஸ்டன் ரிங் மாதிரி ஒரு மெல்லிய உலோக வளையம். தேங்கி நிற்கும் ஆயிலைத் தடுக்க அதனால் முடியாது. ஆக, நீங்கள் பார்க்கும் வண்டியில் பழைய டர்போ நன்றாகவே இருந்து, கோளாறு வேறெங்கோ இருந்திருக்கவும் கூடும். அப்படியானால் கோளாறு இன்னும் அங்கேயே இருக்கிறது.

என் பரிந்துரை சுருக்கமாக: சம்ப்பைக் கழற்றிப் பார்க்கும் செலவை நீங்களே ஏற்பதாகச் சொல்லுங்கள். சில மணி நேர வேலை. முன்பக்க எக்ஸாஸ்ட் குழாயையும் இறக்க வேண்டியிருக்கும். விற்பவர் சம்மதித்தால் பாதிப் பயம் போய்விடும். மறுத்தால் வண்டியை விட்டுவிட வேண்டும் என்றில்லை, தெரியாத ஆள் தன் வண்டியின் அடிவயிற்றைக் கழற்றுவதை யார்தான் விரும்புவார்? ஆனால் கசடு இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். வாங்கியதும் முதல் வேலையாக, ஒரு நெடும்பயணம்கூடப் போகாமல், சம்ப்பை இறக்கிவிடுங்கள்.

சம்ப்பை இறக்காமல் தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா என்றால், ஓரளவுக்கு உண்டு. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே தெரியும் அலுமினியம் தேன் நிறத்தில் பழுப்பேறியிருந்தால் கவலையில்லை. தடித்த கறுப்புப் படிவு, விரலில் ஒட்டும் பசை என்றால் கீழேயும் அப்படித்தான். டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள், ஆனால் அதை நம்பி முடிவெடுக்காதீர்கள்; விற்பதற்கு முந்தின நாள் ஆயில் மாற்றாத ஆள் உண்டா? வண்டியை நன்றாக ஓட்டிச் சூடாக்கிய பிறகு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் ஐடிலில் விட்டு ஆயில் விளக்கைக் கவனியுங்கள். சிவப்பு ஒரு நொடி மினுக்கினாலும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். சாவி போட்டதும் அந்த விளக்கு எரிகிறதா என்பதை முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். எரியாத விளக்கு மினுக்காது.

ஓட்டிப் பார்க்கப் போகும்போது, நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பேச்சோடு பேச்சாக பானட் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த இன்ஜினில் எதையோ உங்களுக்குக் காட்ட அவருக்கு விருப்பமில்லை என்று பொருள். ஸ்டார்ட் ஆனதும் சலசலப்பு இரண்டு நொடிக்குள் அடங்க வேண்டும். இந்த இன்ஜினில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். ஆயில் பட்டினி போட்டிருந்தால் செயினும் தேய்ந்திருக்கும், காலைச் சத்தத்தில் அது தெரியும்.

சாலைக்கு வந்த பிறகு பத்து நிமிடம் மெதுவாக ஓட்டி வண்டி சூடேறட்டும். பிறகு வெறிச்சோடிய நேரான சாலையில், மூன்றாவது கியரில், 2,000 சுற்றிலிருந்து ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதியுங்கள். இந்த ஏரோவின் இழுவை 350 நியூட்டன் மீட்டர், 230 குதிரைத்திறன். முதுகில் யாரோ உள்ளங்கை வைத்துத் தள்ளுவது போல இருக்க வேண்டும். டர்போ முள்ளைப் பாருங்கள். சாப் வண்டிகளில் அதற்கு எண் கிடையாது, வண்ணப் பட்டைகள்தான். முள் தயங்காமல் ஏறி ஓரிடத்தில் நிற்க வேண்டும். ஏறாமல் சோம்பினால், கூடவே உஸ்ஸென்று காற்று போகும் சத்தமும் கேட்டால், எங்கோ ரப்பர் ஹோஸ் கிழிந்திருக்கிறது அல்லது கிளாம்ப் கழன்றிருக்கிறது. அது பெரிய செலவில்லை, விலையைக் குறைக்க உதவும். சைரன் மாதிரி கூவல் சுருதி ஏறி ஏறிக் கேட்டால் டர்போ பேரிங். புது டர்போ அப்படிக் கூவினால், ஆறு மாதக் கதை முடிந்தது. முள் சிவப்புக்குப் பாய்ந்து, சுவரில் மோதியது போல வண்டி சட்டென்று அடங்கினால் காற்றழுத்தம் அளவை மீறி கம்ப்யூட்டர் வெட்டிவிடுகிறது. உபரிப் புகையை டர்போவுக்குப் போகாமல் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் பக்கம் கோளாறாக இருக்கலாம், யாரோ கம்ப்யூட்டரை நோண்டிப் பவர் கூட்டியிருக்கவும் கூடும். இந்த வகை வண்டிகளில் பவர் கூட்டுவது ஒரு பொழுதுபோக்கு. விற்பவரிடம் நேராகவே கேளுங்கள்.

அப்படியே நாலாவது கியரிலும் ஒருமுறை மிதித்துப் பாருங்கள். சுற்று ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. டர்போ வண்டிக்குத் தேய்மானம் அதில்தான் முதலில் வரும், கியர்பாக்ஸை இறக்காமல் மாற்ற முடியாது.

போகும்போது, வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் ஒன்றும் கொண்டு போங்கள். பிழைக் குறியீடு எதுவும் இல்லையென்று காட்டினால் சந்தோஷப்பட அவசரம் வேண்டாம். 'ரெடினெஸ்' பக்கத்தைத் திறந்து பாருங்கள். வண்டியின் சுயசோதனைகள் பலவும் முடிவடையவில்லை என்று அங்கே இருந்தால், பிழைகளை யாரோ சமீபத்தில் அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள்.

சாப்புக்கென்றே உள்ள சில விஷயங்கள். ஸ்பார்க் பிளக்குகளின் தலைமேல் கறுப்பு நிறத்தில் ஒரு நீளப் பெட்டி உட்கார்ந்திருக்கும், இக்னிஷன் கேஸட் என்பார்கள். நாலு சிலிண்டருக்கும் நெருப்பு அதிலிருந்துதான். பிளக் முனையில் ஓடும் சிறு மின்னோட்டத்தை அளந்து, பெட்ரோல் நேரந்தவறி வெடிக்கும் நாக்கிங் வருகிறதா என்று அது மோப்பம் பிடிக்கும். ஆகவே கையேடு சொல்லும் பிளக்கைத் தவிர வேறெதையும் போடக் கூடாது. கேஸட் செத்தால் வண்டி நடுவழியில் இருமி இருமி நின்றுவிடும். நாலு போல்ட், ஒரு கனெக்டர், பத்து நிமிட வேலை. டிக்கியில் ஒன்று உபரியாக வைத்துக்கொண்டால் நெடும்பயணத்தில் நிம்மதி. வண்டி சூட்டில் நின்று, அரை மணி ஆறியதும் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆனால், இன்ஜின் சுற்றுவதைக் கணிக்கும் கிராங்க் சென்சாரைப் பாருங்கள். சாவித்துவாரம் ஸ்டியரிங் பக்கம் இல்லை, இரு சீட்டுக்கும் நடுவில். மேனுவல் வண்டியில் ரிவர்ஸ் கியர் போட்டால்தான் சாவி வெளியே வரும். முதல் நாள் தடுமாறுவீர்கள், ஆகவே சொல்லிவைக்கிறேன்.

சாப் கம்பெனி 2011 டிசம்பரில் திவாலானது. வாசகர்கள் பலரும் இதைத்தான் முதலில் கேட்பார்கள், நீங்கள் கேட்கவில்லை. ஃபில்டர், பிரேக், சென்சார், கேஸட் போன்ற ஓட்டத்துக்கு வேண்டிய பாகங்களுக்கு இன்னும் வழி இருக்கிறது, ஓரியோ என்ற பெயரில் இயங்கி, பிறகு ஹெடின் குழுமத்தின் கைக்குப் போன ஸ்வீடன் நிறுவனம் உதிரிபாகம் தருகிறது. விளக்கு, பம்பர், உள்அலங்காரம் என்றால் உடைக்கும் யார்டுகளில்தான் தேட வேண்டும். எனவே இயந்திரக் கோளாறைவிட இடித்த வண்டியைக் கண்டு அதிகம் பயப்படுங்கள்.

இனி உங்கள் மச்சான் விஷயம். அவர் சொன்னது முழுக்கத் தப்பில்லை, காரணம்தான் வேறு. டர்போ போட்ட முதல் கார்கள் 1962இல் வந்தன. அவற்றில் ஒன்று ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர். அதன் இன்ஜின் நாக்கிங் இல்லாமல் ஓட, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்றிவைக்க வேண்டும். உரிமையாளர்கள் ஊற்ற மறந்தார்கள், வண்டி சக்தியைக் குறைத்துக்கொண்டது, புகார் குவிந்தது, கடைசியில் கம்பெனியே பல வண்டிகளில் டர்போவைக் கழற்றிக் கொடுத்தது. அன்று தொட்டியை மறந்தார்கள், பின்னால் வந்தவர்கள் ஆயிலை மறந்தார்கள். 9-5 தீனி கேட்கும் யானைதான், ஆனால் அது கேட்கும் தீனி ஒன்றே ஒன்று: நல்ல ஃபுல் சிந்தெடிக் ஆயில், 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அந்தக் காலத்துக் கையேட்டில் இதைவிட நீண்ட இடைவெளி அச்சிட்டிருக்கும். அதை மதிக்க வேண்டாம்.

எனக்கு உறுத்துவது உங்கள் 6 கிலோமீட்டர். டேஷ்போர்டில் வெப்ப முள் நடுவுக்கு வந்துவிட்டால் வண்டி சூடேறியது என்று நினைப்போம். அது இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டின் சூடு. ஆயில் சூடேற அதைவிட வெகுநேரம் பிடிக்கும். 6 கிலோமீட்டரில் ஆயில் பாதிகூடச் சூடேறாது. உள்ளே ஒழுகும் பெட்ரோலும் ஈரமும் ஆவியாகிப் போக வழியில்லாமல் ஆயிலிலேயே கலந்து தங்கும். கசடு பிறப்பது அதில்தான். தினம் அலுவலகம் போய் வருவதற்கு மட்டும் என்று எழுதியிருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். நெடும்பயணமும் உண்டு என்பதால் சொல்கிறேன்: வாரம் ஒருநாளாவது தொடர்ந்து ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்ட முடியுமானால், ஆயிலை 5,000 கிலோமீட்டரிலேயே மாற்றச் சம்மதமானால், வாங்குங்கள். இரண்டில் ஒன்று முடியாதென்றால் டர்போ இல்லாத வண்டியாகப் பாருங்கள், மச்சானுக்கும் சந்தோஷம்.

வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தனியாக எடுத்துவைத்துவிட்டுப் பேரத்துக்குப் போங்கள். முதல் வருடத்தில் ஆவிக்குழாய்த் தொகுப்பு, ரப்பர் ஹோஸ்கள், பிளக்குகள், டயர் என்று அது போய்விடும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. நாலும் நாலு கம்பெனியாக இருந்தால், காசு பார்த்துப் பார்த்துச் செலவழித்த உரிமையாளர். ஆயிலிலும் அப்படித்தான் செய்திருப்பார்.

டர்போ டைமர் வேண்டாம். வண்டியை நிறுத்திய பிறகும் இன்ஜினைச் சில நிமிடம் தானாக ஓடவிடும் கருவி அது. டர்போவில் தங்கும் ஆயில் கருகாமல் இருக்கத்தான். உங்கள் வண்டியின் டர்போவுக்குள் கூலன்ட்டும் சுற்றுகிறது, அந்த வேலையில் பெரும்பகுதியை அதுவே பார்த்துக்கொள்ளும். வீடு நெருங்கும் கடைசி இரண்டு கிலோமீட்டரை விரட்டாமல் ஓட்டி வந்தால் போதும். நெடுஞ்சாலையில் விரட்டி வந்து நேரே பெட்ரோல் பங்க்கில் நுழைகிற நாளில் மட்டும், பம்ப்புக்குப் போகுமுன் ஓரமாக ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு, அப்புறம் சாவியைத் திருப்புங்கள்.